சமையல்காரர் உடையப்பன் ஆடிய ஆட்டம்

1957-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், புதுக்கோட்டையில் நாங்கள் படித்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் ஆண்டு விழாவில் பன்னிரண்டு பேர் ஒரு நாட்டியம் ஆடினோம். பத்துப் பேர் மாணவர்கள். அதில் நானும் ஒருவன். பதினோராவது ஆள் விடுதிக் காவல்காரர் குழந்தைசாமி. பன்னிரண்டாவது ஆள், எங்களுக்குத் தினமும் சோறு பொங்கிப் போட்ட சமையல்காரர் உடையப்பன். இது அவருடைய கதை. இதில் நான் செய்த ஒரு காரியமும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உடையப்பனுக்குச் சொந்த ஊர் கீரமங்கலத்துக்குத் தெற்கே இரண்டு மைல். சமஸ்தானம் கலைந்து புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்ததே, அந்த 1948-இல்தான் அவர் விடுதிக்கு வேலைக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. நான் பார்த்தபோது முப்பத்தேழு. நல்ல உயரம், அகலமான தோள், குறைவான பேச்சு. எண்பது பேருக்கு ஒற்றை ஆளாகப் பொங்கி இறக்குவார். கல்யாணம் ஆகவில்லை. ஊரில் தாயார் அழகி மட்டும் இருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலம் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்.

அவர் பர்மாவில் இருந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமும் இல்லை. தெருவுக்கு ரெண்டு வீட்டில் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போய்வந்த ஆள் இருந்தார். உடையப்பனின் தகப்பனார் சோலையப்பன் பர்மாவில் பியாப்பம் என்ற ஊரில், செட்டியார் கடை ஆட்கள் ஒன்றாகத் தங்கும் வீட்டில் சமையல் பார்த்தவர். மகனுக்குப் பதினேழு வயதானதும் அவனையும் அழைத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கப்பலில் இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு இவர்களும் நடந்தே கிளம்பினார்கள். புரோம் பட்டணத்திலிருந்து டவுங்குப் என்ற கடலோர ஊருக்கு மலை வழியாக நூறு மைலுக்கு மேல் நடை, அங்கிருந்து படகில் வங்காளத்துச் சிட்டகாங். தண்ணீர் கிடையாது. வழியெல்லாம் காலரா. மகன் மட்டும் ஊர் வந்து சேர்ந்தான். தகப்பனாரைச் சுமந்து வந்ததாகவும், மலையைத் தாண்டியபின் அவர் காலராவில் இறந்ததாகவும், தானே கொள்ளி வைத்ததாகவும் சொன்னான். ஊர் அழுதது. வருஷா வருஷம் பங்குனிப் பஞ்சமியன்று சொந்தக்காரர்கள் கூடிப் படையல் போட்டார்கள். இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும்.

அந்த வருஷம் எங்கள் தலைமையாசிரியருக்கு ஆண்டு விழாவில் வழக்கமான நாடகம் போட மனசில்லை. திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் என்று ஓர் அம்மாள் பம்பாயிலிருந்து திரும்பி வந்திருந்தார். அவருடைய தாயார் கோயிலில் ஆடியவர். அந்த ஆட்டம் நின்றுபோன பிறகு மகள் பம்பாய்க்குப் போய், புது மாதிரி நாட்டியம் போடும் குழு ஒன்றில் பத்து வருஷம் இருந்தார். நாற்பது வயதுக்காரர். ஊரில் அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேசியவர்கள் குறைவு. தலைமையாசிரியர் அதைக் கண்டுகொள்ளாமல் அவரைக் கூப்பிட்டு, பையன்களை வைத்து ஏதாவது செய்துகொடுங்கள் என்றார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கழுவிவிட்ட சாப்பாட்டுக் கூடத்தில்தான் ஒத்திகை. முதல் நாள் அவர் ஒரு படத்தைக் காட்டினார். கிரேக்க தேசத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு பானை. அதன் மேல் ஒருவன் நரைத்த தாடிக் கிழவனை முதுகில் சுமந்து நடக்கிறான்.

"இவன் பேரு ஈனியாஸ். இவன் ஊரு ட்ராய். பத்து வருஷம் சண்டை நடந்து, கடைசியில எதிராளி உள்ள பூந்து ஊரையே கொளுத்திட்டான். இவன் நடக்கமுடியாத அப்பனைத் தூக்கிக்கிட்டு, எரியிற ஊரை விட்டு வெளியேறி, கடலைத் தாண்டி வேற தேசம் போறான். இதைத்தான் நாம ஆடப்போறோம்" என்றார் பிரகதாம்பாள்.

"பாட்டு யாரு டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

"பாட்டு கிடையாது. ஒரு உறுமி மட்டும். சலங்கையும் கிடையாது. முத்திரை, அபிநயம் ஒண்ணும் வேணாம். நடங்க. வீட்டை விட்டுட்டு வாறவன் எப்படி நடப்பான்? அதை மட்டும் நடங்க."

நாங்கள் சிரித்தோம். நடப்பது நாட்டியமா? ஆனால் ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவர் நடந்து காட்டுவார். ஒரு மூட்டையும் இல்லாமலே மூட்டை தெரியும். திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையையும் பார்க்கக்கூடாது என்ற பயத்தையும் கழுத்தில் ஒரு சின்ன அசைவில் கொண்டுவந்துவிடுவார். அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று உடையப்பன் பார்த்துக்கொண்டிருப்பார்.

தகப்பனைச் சுமக்கும் கட்டம்தான் வரவில்லை. ஈனியாஸாக ஆடியவன் இன்னொரு பையனை விளையாட்டில் உப்பு மூட்டை தூக்குவதுபோலத் தூக்கினான். நாலு எட்டில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் பிரகதாம்பாள் அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அடுக்களையிலிருந்து உடையப்பன் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இப்படித் தூக்கினா அரை மைல் தாங்காது" என்றார்.

"எப்படித் தூக்கணும்?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீளவாக்கில் மடித்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த காவல்காரர் குழந்தைசாமியைக் கூப்பிட்டார். குழந்தைசாமிக்கு அறுபது வயது, ஒல்லியான உடம்பு. துண்டை அவருடைய தொடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் தன் மார்புக்கு மேல் கொண்டுவந்து முடிந்து, குந்தியிருந்து ஒரே மூச்சில் எழுந்தார்.

"கையைக் கழுத்துல போடவிடக்கூடாது. வயசானவங்க பயத்துல இறுக்குவாங்க, மூச்சு முட்டிப்போகும். தோள்பட்டையைப் பிடிக்கச் சொல்லணும். குனிஞ்சு நடக்கணும். பள்ளத்துல எறங்குறப்ப பக்கவாட்டுல எறங்கணும்."

சொல்லிக்கொண்டே கூடத்தைச் சுற்றி நடந்தார். பிரகதாம்பாள் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"பர்மாவுல இருந்து நடந்து வாறப்ப."

"யாரைத் தூக்கிட்டு வந்தீங்க?"

உடையப்பன் குழந்தைசாமியை மெதுவாகக் கீழே விட்டார். "எங்க அய்யாவை" என்றார்.

ஈனியாஸாக அவரும் தகப்பனாகக் குழந்தைசாமியும் ஆடவேண்டும் என்று பிரகதாம்பாள் அன்றைக்கே கேட்டார். மூன்று நாள் தாமதித்துத்தான் உடையப்பன் சம்மதித்தார். ஏன் சம்மதித்தார் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்களேன்னு பயம். அதோட இன்னொண்ணும் இருந்துச்சு தம்பி. அந்த ஆட்டத்துல அவன் கடைசி வரைக்கும் எறக்கவே மாட்டான்ல. ஒரு தடவையாவது அப்படி நடந்து பார்க்கணும்னு இருந்துச்சு. இதைச் சொல்லவே கேவலமா இருக்கு" என்றார்.

அவர் ஆடத் தொடங்கியதும் எங்கள் பத்துப் பேரின் நடையும் மாறியது. ஓடும் ஜனங்களாக நாங்கள் அவருக்குப் பின்னால் போவோம். அவர் வேகம் குறைத்தால் எங்களுக்கும் கால் கனத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சமையல்காரரிடமிருந்து பத்துப் பயிற்சி ஆசிரியர்கள் நடக்கக் கற்றுக்கொண்டோம். செய்தி ஊருக்குள் பரவியது. அப்பனை நிஜமாகவே சுமந்து வந்த ஆள் மேடையில் சுமக்கப்போகிறாராம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நான் செய்தது இதுதான். விழா நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் இருந்தது. எழுத்து ஆசை பிடித்த வயது. 'தன்னைப் பெற்ற தந்தையைத் தோளில் சுமந்து பர்மாவின் மலைகளைக் கடந்து, அவர் இறுதி மூச்சுவரை கைவிடாத தனயன் உடையப்பன், ஈனியாஸாகத் தோன்றுகிறார்' என்று எழுதினேன். அச்சாகி வந்ததை அடுக்களைக்குக் கொண்டுபோய் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அதை எடுத்துருங்க தம்பி" என்றார்.

"அச்சாயிருச்சுண்ணே."

"அந்தக் கைவிடாதங்கிறதை மட்டுமாவது அடிச்சிருங்க."

அடக்கத்தால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் முகத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அதே வாசகத்தை மேடையில் படிப்பதற்கும் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். அத்தோடு நிற்காமல், அவருடைய ஊர் ஆட்கள் வந்து பார்க்கட்டும் என்று ஒரு நோட்டீஸைக் கீரமங்கலத்துக்கும் தபாலில் அனுப்பினேன்.

விழாவுக்குத் தாயார் அழகி வந்துவிட்டார். கூடவே ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். முன்வரிசைக்குப் பின்னால் பெஞ்சுப் பலகையில் உட்காரவைத்தோம். உடையப்பன் மேடைக்குப் பக்கத்து மறைவிலிருந்து அவரைப் பார்த்துவிட்டார். "ஆத்தாவுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். நான் பெருமையாக, நான்தான் என்றேன். அவர் துண்டை எடுத்து நீளவாக்கில் மடிக்கத் தொடங்கினார்.

தலைமையாசிரியர் என் வாசகத்தைப் படித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். உறுமி எழுந்தது. இருபத்தைந்து நிமிஷம். ஊர் தூங்கியது, ஊர் எரிந்தது, நாங்கள் ஓடினோம், விழுந்தோம். உடையப்பன் குழந்தைசாமியைத் துண்டில் ஏற்றிக்கொண்டு எழுந்தபோது அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. மேடையை ஏழு தடவை சுற்றவேண்டும். ஏழாவது சுற்றில் கிழவர் மகனுடைய தோளில் தலையைச் சாய்ப்பார். அதோடு உறுமி நிற்கும். குழந்தைசாமி தலையைச் சாய்த்ததும் உடையப்பனின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அதை நாட்டியம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்களை விலக்கிக்கொண்டு அழகி மேடை ஏறி வந்தார். மகன் மேலிருந்த பொன்னாடையை விலக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அவருடைய தோளைத் தடவினார். "இந்தத் தோள்லதானே ஒங்க அய்யா வந்தாரு. இம்புட்டு நாளா நான் இதைத் தொட்டுக்கூடப் பார்க்கலையே" என்று சொல்லி அழுதார். உடையப்பன் அவருடைய கையைப் பிடித்து விலக்கிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். நான் காப்பி வாங்க அடுக்களைக்குப் போனேன். ராத்திரி புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிய அழகி, பஸ் ஏறுமுன் மகனிடம் சொல்லிக்கொள்ள வந்திருந்தார். அடுப்படிக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் நாலு இட்லி. என்னைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றார். உடையப்பன் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"ஏப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றார் அழகி. "நேத்து அந்தக் காவக்காரரு ஒன் தோள்ல தலையைச் சாச்சாருல்ல? ஒங்க அய்யாவுக்கும் அப்படித்தான் உசிர் போச்சா? இத்தனை வருஷத்துல நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

உடையப்பன் திரும்பவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "தெரியாது ஆத்தா" என்றார்.

"தெரியாதுன்னா?"

"அவரு உசிர் போனதை நான் பார்க்கலை."

நான் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் நின்றுவிட்டேன். அவர் என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"மூணு நாள் சுமந்தேன். அது நெசம். காலு ரெண்டும் வீங்கிப்போச்சு அவருக்கு. நாலாம் நாளு மலை உச்சி. தண்ணி இல்லை. எனக்கும் வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. ஒரு மூங்கில் புதருக்கிட்ட எறக்கி வச்சேன். அங்கிட்டு ஓடை இருக்கும்போல, தண்ணி கொண்டாறேன்யான்னு சொன்னேன். ஓடையெல்லாம் இல்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தன் மேல்துண்டை எடுத்து, வெயிலு கடுமையா இருக்கு, தலையில கட்டிக்கன்னு குடுத்தாரு. வாங்கிக்கிட்டு நடந்தேன்."

அழகி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிட்டாரா?" என்றார்.

"ரெண்டு தடவை. உடையப்பா, உடையப்பான்னு. மூணாவது தடவை கூப்பிடலை."

"நீ திரும்பிப் பார்த்தியா?"

"இல்லை ஆத்தா."

"அப்ப அந்தப் பங்குனி பஞ்சமி?"

"வந்த அன்னைக்கு நீங்க மொதல்ல கேட்டது என்னைக்குச் செத்தாருன்னுதான். வாயில வந்ததைச் சொன்னேன். அது நான் சிட்டகாங் வந்து சேர்ந்து, மொத மொதலா வயிறார சோறு தின்ன நாளு."

அழகி எழுந்தார். இட்லியைத் தொடவில்லை. கையைக்கூடக் கழுவாமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். உடையப்பன் பின்னால் போகவில்லை. நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தேன். வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த நோட்டீசுல எழுதினது யாரு தம்பி?" நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதினார்கள் என்றேன்.

அடுத்த மாதம் உடையப்பன் ஊருக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பின்னால் எனக்குச் சொன்னார். தாயார் அவருக்குச் சோறு போட்டார், ஆனால் பேசவில்லை. வழக்கமாக அவர் போனால் அவர்தான் சமைப்பார், தாயார் உட்கார்ந்து சாப்பிடுவார். இந்தத் தடவை அவரை அடுப்பண்டை விடவில்லை. அப்புறம் பங்குனி வந்தது. பஞ்சமியன்று சொந்தக்காரர்கள் எப்போதும்போலக் கூடிவிட்டார்கள். வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. படையலுக்கு ஒன்றும் வாங்கவும் இல்லை. என்ன ஆத்தா, உடம்பு சரியில்லையா என்று கேட்டவர்களுக்கு அழகி, "இன்னைக்குத் தெவசம் இல்லை. ஏன்னு அவன் சொல்லுவான்" என்றார்.

உடையப்பன் முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று சொன்னார். மூங்கில் புதர், தண்ணீர், துண்டு, இரண்டு கூப்பாடு எல்லாவற்றையும் சொன்னார். பெரியப்பா முறையுள்ள ஒருவர் தூ என்று துப்பிவிட்டு எழுந்து போனார். பெண்கள் பக்கமிருந்து அழுகை வந்தது. ஒருவர் மட்டும், "அந்தக் காலத்துல யாருதான் யாரைப் பார்த்தா" என்று சொல்லப்போனார். அழகி அவரைப் பேசவிடவில்லை. "அதை நீங்க சொல்ல வேணாம். அவன் ஒரு நாளும் அப்படிச் சொல்லிக்கக் கூடாது" என்றார்.

பிரகதாம்பாளுக்கு இது எதுவும் தெரியாது. நாட்டியத்துக்குத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் அழைப்பு வந்திருந்தது. சித்திரையில் விடுதிக்கு வந்தார். உடையப்பன் வர மறுத்தார். காரணம் கேட்டபோது அவரிடமும் சொன்னார். மூன்று மாதத்துக்குள் மூன்றாவது தடவை. முதல் தடவையைவிடக் குரல் இன்னும் தணிந்திருந்தது என்று அங்கே நின்ற எனக்குத் தோன்றியது.

பிரகதாம்பாள் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிடந்த புடலங்காயை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். அந்தக் கிரேக்கக் கதையில அவன் பொண்டாட்டி ஒருத்தி உண்டு. கிரியூசான்னு பேரு. அப்பனை முதுகுல தூக்கிக்கிட்டு, நீ பின்னால வான்னு அவகிட்டச் சொல்லிட்டு நடக்கிறான். ஊரைத் தாண்டுற வரைக்கும் திரும்பிப் பார்க்கலை. தாண்டினப்புறம் பார்த்தா அவ இல்லை. அந்த நெருப்புலயே போயிட்டா."

உடையப்பன் நிமிர்ந்தார். "அது ஏன் நம்ம ஆட்டத்துல இல்லை?"

"நான்தான் வெட்டினேன். அது இருந்தா ஜனங்க கைதட்ட மாட்டாங்கன்னு வெட்டினேன்."

"அப்பவே இருந்திருந்தா நான் ஆட வந்திருக்கமாட்டேன்ம்மா."

"தெரியுது. இத்தனை பேரை ஊரை விட்டு நடக்கவச்சுட்டு, விட்டுட்டு வந்ததைப் பத்தி ஒரு அடிகூட வைக்காம ஆடியிருக்கேன். எங்க அம்மா திருக்கோகர்ணத்துல சாகக் கிடந்தப்ப நான் பம்பாயில ஆடிக்கிட்டிருந்தேன். தந்தி வந்துச்சு. ஆட்டம் முடியட்டும்னு இருந்துட்டேன். அதான் வெட்டினேன்போல."

அவர் புடலங்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். திருச்சிக்கும் மதுரைக்கும் எழுதி அழைப்பை ரத்து செய்தார். அந்த நாட்டியத்தை மறுபடி, வேறு பையன்களை வைத்து ஆடியது மூன்று வருஷம் கழித்துத்தான். அப்போது அதில் கிரியூசா இருந்தாள். பிரகதாம்பாளே கிரியூசாவாக ஆடினார். பின்னால் நடந்து வந்தவள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவாள். கடைசிச் சுற்றில் இருக்கமாட்டாள். முன்னால் போகிறவன் அப்போதுதான் திரும்புவான். ஜனங்கள் கைதட்டவில்லை. கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்து போனார்கள். உடையப்பன் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பாதியில் எழுந்து போகவில்லை.

நான் படிப்பு முடிந்து ஆலங்குடிப் பக்கம் வாத்தியாராகப் போனேன். லீவு நாட்களில் விடுதிக்கு வந்து அவரைப் பார்ப்பேன். அழகி மகனிடம் முதலில் பேசியது பத்து மாதம் கழித்து. "நீ அவரை விட்டுட்டு வந்த நாளு எது? அதையாவது சொல்லு" என்று கேட்டாராம். மாசி மாதம், பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் என்று இவர் சொன்னார். அதிலிருந்து அந்த நாளில்தான் படையல். முதல் வருஷம் சொந்தக்காரர்களில் நான்கு பேர்தான் வந்தார்கள். துப்பிவிட்டுப் போனவர் கடைசிவரை வரவே இல்லை. அன்றைக்கு அழகி மகனை அடுப்பண்டை விட்டார். படைத்துக் கும்பிட்டபின் இரண்டு இலை போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். மன்னித்தேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

நோட்டீஸ் எழுதியது நான்தான் என்பதை 1961-இல் அழகியிடம் போய்ச் சொன்னேன். "தெரியும் தம்பி. அன்னைக்கே ஒங்க மொகத்துல தெரிஞ்சுச்சு" என்றார். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு எடுத்தது ஒரு நிமிஷம். ஒப்புக்கொள்ள நாலு வருஷம்.

இதற்கிடையே யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. உடையப்பன் முற்றத்தில் நின்று சொன்ன செய்தி ஊர் ஊராகப் பரவியதல்லவா? முதலில் அவமானமாகத்தான் பரவியது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வருஷம் போனபின் ஒரு நாள் கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒருவர் விடுதிக்குத் தேடி வந்தார். அவரும் 1942-இல் நடந்து வந்தவர். அடுக்களையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் திருமயத்துப் பக்கமிருந்து ஒரு வயதான கணக்கர். பதினைந்து இருபது வருஷமாக வீட்டில் சொல்ல முடியாததை வைத்திருந்தவர்கள் இங்கே வந்தார்கள். சொன்னால் முகம் சுளிக்க முடியாத ஒரே ஆள் இவர்தான் என்று நினைத்திருக்கலாம். 1964-இல் பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஜனங்களும் கப்பல் கப்பலாகத் திரும்பியபோது, வருகிறவர்கள் இன்னும் அதிகமானார்கள்.

அவர் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான், விடுங்க என்றெல்லாம் சொல்லமாட்டார். கேட்பார். அவ்வளவுதான்.

1966-இல் ஒரு ஞாயிறு நான் போயிருந்தபோது நார்த்தாமலையிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். சின்னப்பிள்ளை என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். கூட யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் தயங்கினார். நான் வெளியே வந்து கிணற்றடியில் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டி பஸ் ரோட்டுப் பக்கம் போனார்.

உள்ளே போனேன். உடையப்பன் பெரிய பாத்திரத்தில் பருப்பைக் கொட்டி நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னண்ணே சொன்னாங்க?"

"அது அவங்களுது தம்பி" என்றார்.

"இப்படி எல்லாரும் வந்து சொல்றாங்களே, ஒங்களுக்கு மனசு கொஞ்சம் லேசாகுதா?"

அவர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். "இல்லை. எனக்கு வெக்கம் அப்படியேதான் இருக்கு. கொறையலை. கொறையவும் வேணாம். முன்னெல்லாம் அதைத் தூக்கிக்கிட்டு ஆளுக கண்ணுல படாம ஒதுங்கிப் போவேன். இப்ப ஆளுகளுக்கு நடுவுல உக்கார முடியுது, அம்புட்டுத்தான்."

பிறகு, மத்தியானம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். எண்பது பேருக்கு இலை போடுவதற்கு ஆள் குறைவாக இருந்தது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.